இந்தியப் பட்டயக் கணக்காளர்களின் ஒழுக்க நெறியும் ஒழுங்கு நடவடிக்கையும்

பட்டயக் கணக்காளர் என்பவர் நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து, அவை உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றனவா என்று கையொப்பமிட்டுச் சொல்லும் உரிமை பெற்றவர். பேச்சுவழக்கில் இவரை ஆடிட்டர் என்பர். இவர்களின் தொழிலை 1949 ஆம் ஆண்டு முதல் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் (ஐ.சி.ஏ.ஐ.) ஒழுங்குபடுத்தி வருகிறது. தேர்வு நடத்துவதும் பதிவேட்டைப் பேணுவதும் போலவே, தவறு செய்த உறுப்பினரை விசாரித்துத் தண்டிப்பதும் அக்கழகத்தின் கடமையாகும்.

தணிக்கையாளரின் தவறை விசாரிக்கத் தகுதியுடையவர் யார் என்பதே இந்த ஒழுங்கு நடைமுறையின் வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி. தொழிலின் நுட்பம் அறிந்த சக தொழிலர்களா, நீதிமன்றமா, அரசு அமைக்கும் தனி ஆணையமா என்பதற்கு ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு விடை கிடைத்துள்ளது.

கையொப்பத்தின் மதிப்பு

திண்டுக்கல் நகரமும் அதைச் சூழ்ந்த சமவெளியும் பூட்டு, தோல் பதனிடுதல், நூற்பாலை, காய்கறி வணிகம் ஆகியவற்றால் அறியப்பட்டவை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகளும் ஒட்டன்சத்திரத்தில் பெரிய காய்கறிச் சந்தையும் உள்ளன. இத்தகைய ஊர்களில் தணிக்கையாளரின் கையொப்பம் பல இடங்களில் தேவைப்படுகிறது. ஆலை நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை கட்டாயம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள வணிகர் 1984 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட வரித் தணிக்கைக்கு உட்பட்டவர். கடன் கேட்கும் தொழில்முனைவோரிடம் வங்கி தணிக்கை செய்யப்பட்ட இருப்புநிலைக் குறிப்பைக் கேட்கிறது.

கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்காதவர்களே இந்தக் கையொப்பத்தை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள். ஆலைக்குப் பஞ்சைக் கடனாகக் கொடுத்த வியாபாரி, பங்கு வாங்கிய உறவினர், கடன் கொடுத்த வங்கி, வைப்புத்தொகை போட்டவர் ஆகியோருக்குக் கிடங்கைத் திறந்து இருப்பை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. அவர்களுக்காக ஒருவர் பார்த்துவிட்டார் என்ற உறுதியே தணிக்கை அறிக்கை. அந்த உறுதி பொய்யானால் இழப்பு அவர்களுடையது. ஆகவேதான் கணக்குத் தொழிலின் ஒழுக்கநெறி தனிமனித நேர்மையோடு நின்றுவிடாமல் சட்டத்தின் பொருளாகவும் ஆயிற்று.

கழகத்துக்கு முந்தைய காலம்

சென்னையில் 1906 ஆம் ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள் ஆர்பத்நாட் நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்தியது. வங்கித் தொழிலும் வணிகமும் நடத்திவந்த அந்நிறுவனத்தில் சென்னை மாகாணத்தின் பல ஊர்களைச் சேர்ந்தவர்கள் சேமிப்பைப் போட்டிருந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் குற்றவாளி எனத் தீர்ப்பாகிப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அது பங்குதாரர்களின் சொந்த நிறுவனமாக இருந்ததால், உள்ளே நடந்ததை வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு வைப்பாளர்களுக்கு இல்லை. கடன்கொடுத்தோருக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் 1907 ஆம் ஆண்டு இந்தியன் வங்கி தோன்றியது.

தணிக்கையாளருக்குத் தகுதி வேண்டும் என்ற விதியை 1913 ஆம் ஆண்டின் இந்திய நிறுவனங்கள் சட்டம் கொண்டுவந்தது. மாகாண அரசுகள் தணிக்கையாளர் சான்றிதழ்களை வழங்கின. வரையறுக்கப்பட்ட சான்றிதழ் பெற்றவர் அந்த மாகாணத்துக்குள், சான்றிதழில் குறித்த மொழியில் எழுதப்பட்ட கணக்குகளை மட்டுமே தணிக்கை செய்யலாம். 1918 ஆம் ஆண்டு பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயப் படிப்பு தொடங்கியது. அதில் தேறி மூன்றாண்டுப் பயிற்சி முடித்தவர் நாடு முழுவதும் தொழில் செய்யும் வரையறையற்ற சான்றிதழுக்குத் தகுதி பெற்றார். வரையறுக்கப்பட்ட சான்றிதழ் வழங்குவது 1920 ஆம் ஆண்டு நின்றது.

1930களில் மைய அரசு கணக்காளர் பதிவேடு ஒன்றைப் பேணத் தொடங்கியது. அதில் பெயர் உள்ளவர் பதிவுபெற்ற கணக்காளர் எனப்பட்டார். தகுதிகள் பற்றி அரசுக்கு ஆலோசனை கூற இந்தியக் கணக்கியல் வாரியம் அமைக்கப்பட்டது. ஆயினும் வாரியம் ஆலோசனை அமைப்பே. பதிவேட்டில் யார் பெயர் இருக்கலாம், யார் பெயர் இருக்கக்கூடாது என்பதை முடிவு செய்தது குடியேற்ற அரசுதான்.

ஆர். சிவபோகத்தின் வழக்கு

அரசின் கையில் அந்த அதிகாரம் இருந்ததன் விளைவைத் தமிழகத்தைச் சேர்ந்த ஒருவரின் வாழ்க்கை காட்டுகிறது. இந்தியாவின் முதல் பெண் கணக்காளரான ஆர். சிவபோகம் (1907–1966) சென்னையில் வாழ்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்று ஓராண்டு சிறையில் இருந்தார். வெளியே வந்து கணக்கியல் பட்டயத் தேர்வுக்குப் படித்து 1933 ஆம் ஆண்டு தேறினார். ஆனால் சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள இயலாது என்ற விதி குறுக்கே நின்றது. அவர் வழக்குத் தொடுத்து வென்று, 1937 ஆம் ஆண்டு தனியாகத் தொழில் தொடங்கினார். பின்னர் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய வட்டார மன்றத்துக்கு 1955 முதல் 1958 வரை தலைவராகவும் இருந்தார்.

நாட்டுக்காகச் சிறை சென்றதும் பணத்தைக் கையாடிச் சிறை சென்றதும் அந்த விதியின் பார்வையில் ஒன்றே. தொழிலுக்குத் தகாத நடத்தை எது என்பதை ஆட்சியாளர் மட்டும் வரையறுத்தால், அது அரசியல் தண்டனையாகவும் மாறக்கூடும் என்பதை இவ்வழக்கு உணர்த்தியது. 1949 ஆம் ஆண்டின் சட்டம் எல்லாச் சிறைத்தண்டனையையும் தடையாக வைக்கவில்லை. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம், தொழில் சார்ந்த குற்றம் ஆகியவற்றுக்காகத் தண்டிக்கப்பட்டவருக்கே தடை விதித்தது. அத்தடையையும் மைய அரசு நீக்கலாம் என்று வழி வைத்தது.

1949 ஆம் ஆண்டின் சட்டம்

கணக்கியல் தொழிலுக்குத் தன்னாட்சி பெற்ற அமைப்பு வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அதன்படி பட்டயக் கணக்காளர் சட்டம் இயற்றப்பட்டு, 1949 ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜி. பி. கபாடியா கழகத்தின் முதல் தலைவரானார்.

உலகின் பிற பகுதிகளில் இத்தகைய கழகங்கள் முன்பே இருந்தன. எடின்பரோவின் கணக்காளர் சங்கம் 1854 ஆம் ஆண்டும் இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் கழகம் 1880 ஆம் ஆண்டும் அரச பட்டயம் பெற்றவை. அவை உறுப்பினர்கள் கூடி அமைத்துக்கொண்ட சங்கங்கள். இந்தியக் கழகமோ நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. அதன் மன்றத்தில் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர்களோடு அரசு நியமித்தவர்களும் இடம்பெற்றனர்.

தொடக்கத்தில் கழகத்தின் தண்டிக்கும் அதிகாரம் குறைவாகவே இருந்தது. புகார் வந்தால் மன்றம் விசாரணை நடத்தித் தன் முடிவை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும். இறுதி ஆணை பிறப்பிப்பது நீதிமன்றமே. 1959 ஆம் ஆண்டின் திருத்தம் தவறுகளை இரண்டு அட்டவணைகளாகப் பிரித்தது. முதல் அட்டவணைத் தவறுகளுக்கு மன்றமே கண்டிக்கலாம், ஐந்தாண்டு வரை பெயரை நீக்கலாம். அதற்கு மேற்பட்ட நீக்கத்துக்கும், இரண்டாம் அட்டவணையில் உள்ள கடுமையான தவறுகளுக்கும் உயர் நீதிமன்றத்தின் ஆணை தேவைப்பட்டது.

எது தவறு?

முதல் அட்டவணை பெரும்பாலும் தொழில் நாகரிகம் பற்றியது. கணக்காளர் அல்லாத ஒருவர் தன் பெயரில் தொழில் செய்ய விடுதல், அத்தகையோருடன் கட்டணத்தைப் பங்கிடுதல், வாடிக்கையாளரைத் தேடிச் சென்று வேலை கேட்டல், விளம்பரம் செய்தல் ஆகியவை இதில் அடங்கும். முந்தைய தணிக்கையாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் அவர் இடத்தை ஏற்பதும் தவறு. வெறும் மரியாதைக்காக மட்டும் ஏற்பட்ட விதியல்ல இது. பொய்க் கணக்கில் கையொப்பமிட மறுத்த தணிக்கையாளரை நீக்கிவிட்டு இணங்கும் ஒருவரை நிறுவனம் தேடலாம். அந்தக் கடிதம் போனால், முந்தையவர் ஏன் விலகினார் என்பது புதியவருக்குத் தெரியவரும்.

இரண்டாம் அட்டவணை பொதுமக்களின் பணத்தைத் தொடுவது. வாடிக்கையாளரின் இரகசியத்தை வெளியிடுதல், கணக்கைப் பார்க்காமலேயே சான்றளித்தல், தனக்குப் பண ஈடுபாடு உள்ள நிறுவனத்தின் கணக்கில் கருத்துக் கூறுதல், தெரிந்த முக்கிய உண்மையை மறைத்தல், உரிய கவனம் செலுத்தாமை, பெரும் அலட்சியம் ஆகியவை இதில் உள்ளன.

இவற்றுக்கு விளக்கமாகக் கழகம் 1963 ஆம் ஆண்டு நடத்தை நெறி நூலை வெளியிட்டது. பின்னர் பலமுறை திருத்தப்பட்ட அந்நூலின் பன்னிரண்டாம் பதிப்பு 2020 ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டுக் கணக்காளர் நெறியைப் பின்பற்றி அது ஐந்து அடிப்படைகளைக் கூறுகிறது: நேர்மை, நடுநிலை, தொழில் திறமையோடு கூடிய உரிய கவனம், இரகசியம் காத்தல், தொழிலுக்குரிய நடத்தை.

நீதிமன்றங்கள் வகுத்த எல்லைகள்

தணிக்கையாளர் எவ்வளவு ஐயப்பட வேண்டும் என்ற கேள்வி பழமையானது. இங்கிலாந்தின் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கில் (1896) ஆலையின் இருப்பு மதிப்பை மேலாளர் உயர்த்திக் காட்டியிருந்தார். தணிக்கையாளர்கள் அவர் அளித்த சான்றை நம்பினர். ஐயம் எழக் காரணம் இல்லாத நிலையில் அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர் என்று நீதிமன்றம் கூறியது. தணிக்கையாளர் காவல் நாய் போன்றவர், மோப்ப நாய் அல்லர் என்ற உவமை இவ்வழக்கிலிருந்து பரவியது. பஞ்சும் நூலும் கிடங்கில் குவிந்திருக்கும் எந்த ஆலை ஊருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இருப்பைத் தணிக்கையாளர் நேரில் பார்க்க வேண்டும் என்று பிற்காலத் தணிக்கைத் தரநிலைகள் எதிர்பார்க்கத் தொடங்கின.

சென்னை உயர் நீதிமன்றம் 1952 ஆம் ஆண்டு தண்டேகர் வழக்கில் இதற்கு நெருங்கிய ஒரு கேள்வியைத் தீர்த்தது. வருமான வரித்துறை கணக்காளர் ஒருவர் மீது கொண்டுவந்த வழக்கு அது. வாடிக்கையாளர் கொடுத்த கணக்கேடுகளைக் கொண்டு வரி அறிக்கை தயாரிப்பவர், அந்தக் கணக்கேடுகள் உண்மையா என்று துப்புத் துலக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் பொய்க் கணக்கு எழுத யோசனை கூறுவதோ துணைபோவதோ கூடாது என்று நீதிமன்றம் வரையறுத்தது. ஏமாற்றப்பட்ட கணக்காளரையும் ஏமாற்றத் துணைநின்ற கணக்காளரையும் வேறுபடுத்த இத்தீர்ப்பு உதவியது.

உச்ச நீதிமன்றம் வேறொரு திசையில் எல்லையை விரித்தது. முகர்ஜி வழக்கில் (1958 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியானது) கணக்காளர் ஒருவர் நிறுவனக் கலைப்பாளராக இருந்தபோது செய்த தவறு விசாரணைக்கு வந்தது. அது தணிக்கை வேலை அல்ல என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தின் பட்டியலில் இல்லாத தவறும் தொழில்முறைத் தவறாகலாம் என்று கூறியது. 2018 ஆம் ஆண்டு குர்விந்தர் சிங் வழக்கில், தொழிலோடு தொடர்பற்ற பங்கு விற்பனையில் நிகழ்ந்த தவறும் தொழிலுக்கு இழுக்குத் தேடுமானால் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விசாரித்தவரே தீர்ப்பளிக்கலாமா?

ஒழுங்கு நடைமுறையின் வரலாற்றில் மிக முக்கியமான தீர்ப்பு 1986 ஆம் ஆண்டு வந்தது. எல். கே. ரத்னா வழக்கு எனப்படும் இதில் நீதிபதி ஆர். எஸ். பதக் தீர்ப்பை எழுதினார். அக்காலத்து முறைப்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்து அறிக்கை அளிக்கும். மன்றம் அந்த அறிக்கையைப் பார்த்து உறுப்பினர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும். முடிவெடுக்கும் கூட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேச வாய்ப்பு இல்லை. அதேவேளை, அறிக்கை எழுதிய குழுவின் உறுப்பினர்கள் மன்றக் கூட்டத்திலும் அமர்ந்து வாக்களித்தனர்.

இரண்டும் இயற்கை நீதிக்கு மாறானவை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குற்றவாளி என்று முடிவு செய்யும் அமைப்பே அவரைக் கேட்க வேண்டும். தாம் எழுதிய அறிக்கையைத் தாமே சீர்தூக்குவது நடுநிலைக்கு ஒவ்வாது. மேல்முறையீட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்ற வாதத்தையும் நீதிமன்றம் தள்ளியது. தொழிலரின் நற்பெயர் முதல் தீர்ப்பிலேயே சிதைந்துவிடுகிறது, பின்னர் விடுதலை கிடைத்தாலும் அது முழுவதும் மீளாது என்பது காரணமாகக் காட்டப்பட்டது. ஒவ்வொருவரையும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும் சிறுநகரத்தில் இந்தக் காரணம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கையொப்பத்தின் நம்பகமே தணிக்கையாளரின் முதல். அதை நியாயமான விசாரணை இன்றிப் பறிப்பதும் அநீதியே.

2006 ஆம் ஆண்டின் மாற்றம்

கடுமையான வழக்குகள் ஒவ்வொன்றும் மன்றத்தைக் கடந்து உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்ததால் முடிவு கிடைக்கக் காலம் பிடித்தது. அமெரிக்காவில் என்ரான் நிறுவனம் 2001 ஆம் ஆண்டு வீழ்ந்ததும், அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனமும் அதோடு சரிந்ததும் உலகெங்கும் தணிக்கைத் தொழிலைப் பற்றிய ஐயத்தை எழுப்பின. அமெரிக்கா 2002 ஆம் ஆண்டு தணிக்கையாளர்களைக் கண்காணிக்கத் தொழிலுக்கு வெளியே தனி வாரியம் அமைத்தது. இந்தியாவில் அதே ஆண்டு நரேஷ் சந்திரா குழு நிறுவனங்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தது.

2006 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஒழுங்கு நடைமுறையை மாற்றி அமைத்தது. அதன் படிநிலைகள் பின்வருமாறு:

முதற்படி ஒழுங்கு இயக்குநர். புகாரைப் பெற்று, உறுப்பினரின் எழுத்து விளக்கத்தையும் புகார்தாரரின் மறுமொழியையும் வாங்கி, முதல்நோக்கில் குற்றம் தெரிகிறதா என்று கருத்துரைப்பவர் இவர்.

இரண்டாம் படி ஒழுங்கு வாரியம். முதல் அட்டவணைத் தவறுகளை விசாரிப்பது. கண்டிக்கலாம், மூன்று மாதம் வரை பெயரை நீக்கலாம், ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று அச்சட்டம் வகுத்தது.

மூன்றாம் படி ஒழுங்கு நடவடிக்கைக் குழு. இரண்டாம் அட்டவணைத் தவறுகளும், இரு அட்டவணைகளிலும் அடங்கும் தவறுகளும் இதன்முன் வரும். அச்சட்டத்தின்படி கழகத் தலைவர் அல்லது துணைத் தலைவர் தலைமையில் மன்றத்திலிருந்து இருவரும் அரசு நியமித்த இருவரும் அமர்ந்தனர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. பெயரை நிலையாக நீக்கலாம், ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நான்காம் படி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைமை ஏற்கும் மேல்முறையீட்டு ஆணையம். ஆணை கிடைத்த 90 நாட்களுக்குள் முறையிட வேண்டும்.

இதனால் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் பழைய முறை மறைந்தது. கழகத்துக்குள்ளேயே வழக்கு முடியலாயிற்று. ஆனால் விசாரணைக் குழுவின் தலைமையும் பெரும்பான்மையும் இன்னும் தொழிலர்களிடமே இருந்தன.

சத்யம் வீழ்ச்சி

இந்த முறை மூன்றே ஆண்டுகளில் பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று. 2009 ஆம் ஆண்டு சனவரி 7 ஆம் நாள் ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் இராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளியானது. கணக்கில் 5,361 கோடி ரூபாயாகக் காட்டப்பட்ட ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்குகளில் கையொப்பமிட்டது பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனம்.

வங்கியில் பணம் இருக்கிறதா என்று வங்கியிடமே நேராகக் கேட்டு உறுதி செய்வது தணிக்கையின் தொடக்கப் பாடம். அது சரிவர நடக்கவில்லை என்பதே தொழிலை உலுக்கியது. தொடர்புடைய கணக்காளர்களின் பெயர்களைக் கழகம் பதிவேட்டிலிருந்து நீக்கி அபராதமும் விதித்தது. 2015 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் இராமலிங்க ராஜுவோடு தணிக்கையாளர் இருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. பங்குச் சந்தை ஆணையமான செபி 2018 ஆம் ஆண்டு பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழும நிறுவனங்களுக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது. பங்குப் பத்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019 ஆம் ஆண்டு அத்தடையை நீக்கியது.

இவ்வழக்கு கழகத்தின் நடைமுறையில் இருந்த ஒரு இடைவெளியைக் காட்டியது. கழகத்தால் தனி உறுப்பினரைத் தண்டிக்க முடிந்தது. அவர் பணியாற்றிய தணிக்கை நிறுவனத்தைத் தண்டிக்கச் சட்டத்தில் தெளிவான வழி இல்லை.

கழகத்துக்கு வெளியே ஓர் ஆணையம்

2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 132 ஆம் பிரிவில் தேசிய நிதி அறிக்கை ஆணையத்துக்கு வழி வகுத்தது. பட்டயக் கணக்காளர் கழகம் இதை எதிர்த்தது. 2018 ஆம் ஆண்டு பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளிவந்தபின் அமைச்சரவை ஒப்புதல் அளிக்க, அவ்வாண்டு அக்டோபர் 1 ஆம் நாள் ஆணையம் அமைந்தது.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பட்டியலிடாத பெரிய பொது நிறுவனங்கள் ஆகியவற்றின் தணிக்கையாளர்கள் இதன் வரம்பில் வருவர். செலுத்திய மூலதனம் 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, கடன் 500 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய பொது நிறுவனம் பெரியதாகக் கொள்ளப்படும். ஆணையம் தனிநபரோடு தணிக்கை நிறுவனத்தையும் தண்டிக்கலாம். தனிநபருக்குக் கட்டணத்தின் ஐந்து மடங்கு வரையும், நிறுவனத்துக்குப் பத்து மடங்கு வரையும் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் முதல் பத்தாண்டு வரை தொழில் செய்யத் தடை விதிக்கலாம். ஆணையம் கையில் எடுத்த தவறைக் கழகம் விசாரிக்க இயலாது.

கழகத்தின் சொந்த நடைமுறையையும் நாடாளுமன்றம் 2022 ஆம் ஆண்டு மீண்டும் திருத்தியது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தலைமையும் பெரும்பான்மையும் கழக உறுப்பினர் அல்லாதவர்களிடம் இருக்கவும், தணிக்கை நிறுவனங்கள் மீதும் நடவடிக்கை எடுக்கவும் அத்திருத்தம் வகை செய்கிறது. தொழிலின் மீது அரசின் பிடி இறுகும் என்று கணக்காளர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. தொழிலர் தம்மைத் தாமே விசாரிப்பதில் மக்களுக்கு நம்பிக்கை வராது என்பது ஆதரவாளர்களின் வாதம்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு புகார்

பெரிய நிறுவனங்களின் தணிக்கை ஆணையத்தின் வரம்புக்குப் போய்விட்டாலும், திண்டுக்கல் போன்ற ஊர்களின் தனியார் ஆலைகள், கூட்டாண்மைக் கடைகள், பூட்டுப் பட்டறைகள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் தணிக்கை பெரும்பாலும் அந்த வரம்புக்கு வெளியேதான் உள்ளது. அங்கே தவறு நேர்ந்தால் விசாரிப்பது இன்றும் கழகமே.

எடுத்துக்காட்டாக, இருப்பைப் பார்க்காமலேயே சான்றளித்துவிட்டார் என்று ஆலைக்குக் கடன் கொடுத்த ஒருவர் கருதினால், அவர் உரிய படிவத்தில், ஆதாரங்களோடு, கழகத்தின் ஒழுங்கு இயக்குநருக்குப் புகார் செய்ய வேண்டும். புகார் செய்பவர் வாடிக்கையாளராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கழகத்தின் வட்டார மன்றமோ கிளையோ விசாரிக்கும் அதிகாரம் உடையதல்ல. ஒரே ஊரில் தொழில் செய்பவர்கள் ஒருவரை ஒருவர் விசாரிக்கும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. அதேவேளை, புகார் செய்பவருக்குத் தொலைவும் செலவும் கூடுகின்றன.

புகாரின் படி கணக்காளருக்கு அனுப்பப்பட்டதும், எழுத்து விளக்கம் தர அவருக்கு 21 நாள் உண்டு. ஒருமுறை கொடுத்த புகாரைப் புகார்தாரர் தம் விருப்பப்படி திரும்பப் பெற முடியாது. வாரியம் அல்லது குழுவின் அனுமதி வேண்டும். பணம் கொடுத்தோ உறவினர் மூலம் பேசியோ வழக்கை முடித்துவைக்கும் பழக்கத்துக்கு இது தடை. அந்தத் தவறு புகார்தாரருக்கு மட்டும் இழைக்கப்பட்டதல்ல, கையொப்பத்தை நம்பிய எல்லாருக்கும் இழைக்கப்பட்டது என்பதே இவ்விதியின் அடிப்படை. ஆயினும் ஒழுங்கு நடவடிக்கை இழந்த பணத்தை மீட்டுத் தராது. அதற்கு உரிமையியல் வழக்கோ வேறு சட்ட வழியோ தேட வேண்டும்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. ஊர்ப்புறங்களில் வரி அறிக்கை எழுதித் தருபவர், கணக்கு எழுதுபவர் என எல்லாரையும் ஆடிட்டர் என்றே அழைப்பது வழக்கம். கழகத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மீது கழகம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க இயலாது. உறுப்பினர் அல்லாத ஒருவர் தம்மைப் பட்டயக் கணக்காளர் என்று கூறிக்கொள்வது தனிக் குற்றம். போலிக் கையொப்பங்களைத் தடுக்க 2019 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு சான்றுக்கும் தணிக்கை அறிக்கைக்கும் தனி அடையாள எண் இடுவதைக் கழகம் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அந்த எண்ணைக் கழகத்தின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். வங்கி மேலாளரும் வைப்பாளரும் தாங்களாகவே செய்யக்கூடிய முதல் சோதனை இது.

தணிக்கையின் தரம் காக்க எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஒரு கணக்காளர் ஓராண்டில் 60க்கு மேல் வரித் தணிக்கை செய்யக்கூடாது என்ற கழகத்தின் விதியைச் சிலர் எதிர்த்தனர். 2024 ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அது 2024 ஏப்ரல் 1 முதலே நடைமுறைக்கு வருவதாகக் கொண்டு, அதற்கு முந்தைய நடவடிக்கைகளை நீக்கியது.

இன்றைய நிலை

2025 ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தேசிய நிதி அறிக்கை ஆணையத்தின் சட்டப்பிரிவு செல்லும் என்று கூறியது. ஆனால் தணிக்கையில் குறை கண்டு அறிக்கை எழுதியவர்களே நடவடிக்கை அறிவிப்பும் அனுப்பியது நடுநிலைக்கு ஒவ்வாது என்று அந்த அறிவிப்புகளை நீக்கியது. இவ்வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. கழகத்தின் மன்றத்தைப் பார்த்து 1986 ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட கேள்வியே, கழகத்துக்கு மாற்றாக வந்த ஆணையத்தைப் பார்த்தும் எழுப்பப்பட்டது.

விசாரிக்கும் பொறுப்பு குடியேற்ற அரசிடமிருந்து தொழிலர்களுக்கும், நீதிமன்றத்திடமிருந்து கழகத்துக்கும், கழகத்திடமிருந்து ஒரு பகுதி ஆணையத்துக்கும் கைமாறியுள்ளது. கைமாறிய ஒவ்வொரு முறையும், கையொப்பத்தை நம்பியவருக்கு விரைவான நீதியும் கையொப்பமிட்டவருக்கு நடுநிலையான விசாரணையும் ஒருசேரக் கிடைக்கின்றனவா என்பதே அந்த ஏற்பாட்டை அளக்கும் கோலாக இருந்துவருகிறது.